பின்னங்காலை இழுக்கும் மாடு: சுளுக்கு அல்ல, முட்டிச் சில்லு

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். மாடு வைத்திருக்கும் தொழிலாளர் குடும்பத்துக்கு அப்போது பால் காசுதான் கைச்செலவுக்கு உதவுகிறது. அந்த மாடு ஒருநாள் காலையில் எழுந்து, ஒரு பின்னங்காலை மடக்க முடியாமல் கட்டைபோல் பின்னால் நீட்டி, குளம்பு நுனி தரையில் உரச நடந்தால் வீட்டார் கலங்குவது இயல்பே. சில அடி சென்றதும் கால் வெடுக்கென்று முன்னால் வரும். பிறகு ஒன்றும் நடவாதது போல் மாடு நடக்கும்.

இதைச் சுளுக்கு என்றும் வாதம் என்றும் எண்ணி எண்ணெய் தேய்க்கிறார்கள், சூடு போடுகிறார்கள், அதற்கும் அடங்காவிட்டால் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். சூட்டினால் தோல் புண்ணாவதைத் தவிர வேறு பயன் கிடையாது.

கோளாறு முட்டியில் இருக்கிறது. மாட்டின் பின்னங்கால் முட்டி, வயிற்றை ஒட்டி உயரத்தில் அமைந்தது. அங்குள்ள சில்லு, தொடை எலும்பின் பள்ளத்தில் மேலும் கீழுமாக வழுக்கிச் செல்ல வேண்டும். அதைக் கீழ்க்கால் எலும்புடன் மூன்று நார்கள் பிணைத்துள்ளன. சில்லு மேலேறி, உட்பக்க நார் எலும்பு மேட்டில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டால் கால் பூட்டிக்கொள்கிறது. நாய்களுக்கு வரும் சில்லுக் கோளாறு வேறு. பொமரேனியன் போன்ற சிறு சாதி நாய்களில் சில்லு பெரும்பாலும் உட்புறமாக நழுவும். நாய் காலைத் தூக்கி மூன்று நான்கு அடி நொண்டும். லேசான நிலையில் எடையைக் குறைத்தே சமாளிக்கலாம். பிறவி அமைப்பினால் வருவதாதலால் அத்தகைய நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது.

மாட்டுக்கு மருத்துவம் எளிது. மரத்துப்போக ஊசி போட்டு, கால்நடை மருத்துவர் உட்பக்க நாரை மட்டும் அறுத்துவிடுவார். பெரும்பாலான மாடுகள் உடனேயே காலை மடக்கி நடக்கின்றன. நாரை அறுத்தால் கால் வலுவிழக்குமே என்று அஞ்ச வேண்டாம். மற்ற இரண்டு நார்களும் தாங்கிக்கொள்ளும். நாள் கடத்தினால்தான் குளம்பு நுனி தேய்ந்து புண்ணாகும்.

மருத்துவர் வரும் நேரத்தில் மாடு நன்றாக நடந்து வீட்டாரை ஏமாற்றுவதும் உண்டு! காலையில் எழுந்தவுடன் வைக்கும் முதல் அடிகளைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுவது நல்லது. சினையாக இருந்தால் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். நிறைசினை மாட்டைக் கீழே தள்ளாமல், நிற்கவைத்தே இந்தச் சிகிச்சையைச் செய்ய முடியும்.

பிறகு சில நாட்கள் சேறில்லாத மேட்டில் கட்டி, காயத்தில் ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் இக்கரையோரத்தில் அதுதான் சற்றுச் சிரமமான வேலை.