வெந்நீர் யாருக்கு மிச்சம்?
பண்டிகைக் காலமும் தன்னைப் பேணலும்

1

ஐப்பசி பிறந்ததும் வார இதழ்களின் பெண்கள் இணைப்பில் ஒரு கட்டுரை தவறாமல் வந்துவிடுகிறது: ‘பண்டிகை டென்ஷனைச் சமாளிப்பது எப்படி?’ பட்டியல் போடுங்கள், பட்ஜெட் போடுங்கள், தினமும் அரை மணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள், கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள். யோசனைகளில் தவறு ஏதுமில்லை. ஆனால் இந்தச் சொல்லாடல் செய்கிற ஒரு காரியத்தை நாம் கவனிக்க வேண்டும். கடன், வேலைநேரம், உறவுக்காரர்களின் எதிர்பார்ப்பு என்று வெளியே இருக்கிற நெருக்கடிக்கு ‘மன அழுத்தம்’ என்று பெயர் மாற்றி, அதை ஒரு தனிமனுஷியின் தலைக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. பிறகு அதைத் தீர்க்கிற பொறுப்பையும் அவளிடமே ஒப்படைக்கிறது. ஏற்கெனவே நூறு வேலை. நூற்றியோராவது வேலை, ‘நிம்மதியாக இருப்பது’. அவள் கண்ணை மூடுகிற அந்த அரை மணி நேரம் அடுப்பை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது மட்டும் கட்டுரையில் இருக்காது.

இதையெல்லாம் ‘பூர்ஷ்வா சொகுசு’ என்று தள்ளிவிடுவது நம் தோழர்களுக்கு எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓய்வும், தன்னைத் திரும்பிப் பார்க்கிற நேரமும் எல்லோருக்கும் வேண்டும். கேட்க வேண்டியது, அது யார் செலவில் யாருக்குக் கிடைக்கிறது என்பதைத்தான்.

2

பண்டிகை நெருக்கடிக்கு ஒரு பொருளாதாரம் இருக்கிறது. அதன் வெளிச்சமான பக்கம் போனஸ். பம்பாய் மில்களில் 1917இல் போர்க்கால போனஸாக வந்தது. அதை நிறுத்தியபோது 1924இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1965இன் போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 4 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வரையறுத்தது; குறைந்தபட்சம் 8.33 சதவீதமானது பிற்பாடு வந்த திருத்தத்தில். 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது பதின்மூன்றாவது மாதச் சம்பளம். முதலாளி மனமிரங்கிக் கொடுத்த ‘இனாம்’ என்ற நிலையிலிருந்து அதை உரிமையாக்கியது சங்கங்களின் போராட்டம். ஆனால் வீட்டுவேலை செய்கிற பெண்ணுக்கு இன்றும் ஒரு சேலைதான், அதுவும் எஜமானியம்மாளின் மனசைப் பொறுத்து. தன் வீட்டில் வேலை செய்பவளுக்கு அந்தச் சேலையும் ‘வாங்கிக் கொடுத்தது’ என்றே கணக்காகிறது.

இருட்டான பக்கம் சீட்டு. மதுரை செல்லூரில் எங்கள் தெருவில் தீபாவளிச் சீட்டுப் பிடிக்காத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாதாமாதம் கட்டினால் பண்டிகைக்கு எண்ணெய், பருப்பு, மாவு, இனிப்பு, ஒரு எவர்சில்வர் பாத்திரம். தவணை தவறினால் கைமாற்று. அதுவும் கிடைக்காவிட்டால் வட்டிக்காரர். கந்துவட்டியைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003இல் வந்தது. அதற்காக, மகளுக்குத் தலைதீபாவளி வைக்கிற வீட்டில் மாப்பிள்ளை மோதிரத்தின் எடை குறைந்துவிடவில்லை. கடைசி ராத்திரி விளக்குத்தூண் பக்கம் போய்ப் பாருங்கள். நெரிசலில் பேரம் பேசிக்கொண்டிருப்பவர்களில் பலரும் அன்று சாயங்காலம்தான் கையில் காசைப் பார்த்தவர்கள்.

மூன்றாவது, எந்தக் கணக்கிலும் ஏறாத உழைப்பு. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டுவேலைகளில் ஈடுபடுபவர்களில் ஒரு பெண் நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். இது சாதாரண நாட்களையும் சேர்த்த சராசரி. அதிரசத்துக்கு அரிசி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் காய்வதற்குள் இடித்துச் சலித்து, பாகு பதம் பார்த்துக் கிளறி, மாவைப் புளிக்கவிடுகிற ஐப்பசி நாட்களைத் தனியாக யாரும் அளக்கவில்லை.

3

தீபாவளிக்குள்ளேயே தன்னைப் பேணும் ஒரு சடங்கு இருக்கிறது என்பதுதான் இதில் முரண். நல்லெண்ணெய், சீயக்காய், வெந்நீர், சில வீடுகளில் சுக்கும் ஓமமும் சேர்ந்த லேகியம். வருஷம் முழுக்க ஓடிய உடம்பை உட்காரவைத்து ஒருவர் தலையில் இன்னொருவர் கைவைக்கிற நாள். அயோத்திதாசர் இந்த நாளைப் பௌத்தப் பண்டிகையாக விளக்கியபோது அவருக்கு எண்ணெயே மையமாக இருந்தது: எள்ளிலிருந்து நெய் எடுக்கும் வழி கண்டு, மக்கள் அதைத் தேய்த்துத் தீபவதி என்ற ஆற்றில் முழுகிய நாள் என்றார். பெரியார் நரகாசுரன் கதையைத் திராவிடர் வீழ்த்தப்பட்ட கதையாகப் படித்து, இதைக் கொண்டாடவே வேண்டாம் என்றார். இரண்டுமே வலுவான எதிர்க்கதையாடல்கள்.

கதையாடல் மாறினாலும் குளியலறை வாசலில் வரிசை மாறுவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து தண்ணீர் காயவைத்து, மாமனார் தொடங்கிப் பிள்ளைகள் வரை எண்ணெய் தேய்த்துவிட்டு, ‘எல்லாரும் குளிச்சாச்சா? நான் கடைசியா ஊத்திக்கிறேன்’ என்பவள் போகும்போது அண்டாவில் வெந்நீர் இருக்காது. ‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அவளுக்கு ஆனது பச்சைத்தண்ணீரில்.

பண்டிகையை மறுத்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு தோழர் வீட்டில் இருபது வருஷமாகத் தீபாவளி இல்லை. விடுமுறை என்பதால் அன்று தோழர்கள் பேச வருவார்கள். பண்டிகையை மறுத்தவர் கூடத்தில். பதினைந்து பேருக்குக் கறிக்குழம்பு வைத்தவர் அடுப்படியில். சித்தாந்தம் மாறிய வீட்டில் அடுப்பு மாறவில்லை.

4

பண்டிகைக் காலத்தில் தன்னை எப்படி வைத்துக்கொள்வது என்ற கேள்வி பழையது. ரோமானியத் தத்துவவாதி செனெகா, லூசிலியஸுக்கு எழுதிய 18ஆம் கடிதத்தில் இதைத்தான் பேசுகிறார். டிசம்பர் 17இல் தொடங்கும் சாட்டர்நேலியா விழாவுக்காக நகரமே வேர்த்து விறுவிறுத்துக் கிடக்கிறது. கூட்டத்தோடு கூடுவதா, விலகி நிற்பதா? நடுவழியாக அவர் சொல்வது: கூடியிரு, ஆனால் மூழ்கிப்போகாதே; சில நாட்களை ஒதுக்கி மலிவான சோறு, முரட்டுத்துணி என்று இருந்து பார். அதே கடிதத்தில், இது பெரிய சாதனையில்லை, ஆயிரக்கணக்கான அடிமைகளும் ஏழைகளும் இப்படித்தான் வாழ்கிறார்கள், நீ கட்டாயமின்றிச் செய்கிறாய் என்பதுதான் வித்தியாசம் என்றும் ஒப்புக்கொள்கிறார். ரோமின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் அவர்.

‘கோபம் பற்றி’ என்ற நூலில் தன் இரவுப் பழக்கத்தையும் விவரிக்கிறார்: விளக்கை அகற்றியபின், அன்றைய நாள் முழுவதையும் மனசுக்குள் பரிசீலிப்பார். ஃபூக்கோ 1982இல் ஆற்றிய ‘சுயத்தின் தொழில்நுட்பங்கள்’ உரையில் இந்தப் பகுதியை எடுத்துக்கொண்டு, இங்கே செனெகா தன்னை விசாரிக்கும் நீதிபதியாக இல்லை, கணக்குப் பார்க்கும் நிர்வாகியாக இருக்கிறார் என்று காட்டினார். பாவம், தண்டனை என்ற மொழி அதில் இல்லை. எது நடந்தது, எது விட்டுப்போனது என்ற இருப்புக் கணக்கு. எனக்கு இது உதவுகிறது. ஆனால் செனெகாவின் அந்த விவரிப்பில் இன்னொருவரும் இருக்கிறார். கணவரின் பழக்கம் தெரிந்து பேசாமல் இருந்துவிடுகிற மனைவி. அவர் தன்னைப் பார்ப்பதற்கான நிசப்தம் அவளிடமிருந்து வருகிறது. அன்றைய நாளைப் பற்றி அவளுக்கு என்ன கணக்கு இருந்ததோ, நூலில் இல்லை.

5

சென்ற ஐப்பசியில் எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேர் – தறியில் வேலை பார்ப்பவர்கள், இட்லிக் கடைக்காரர், வீட்டுவேலைக்குப் போகிறவர்கள், நான் – பண்டிகைக்கு முந்தைய மூன்று வாரம் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொண்டோம். மூன்றே பத்தி. இன்று என்ன செய்தேன்? செய்யச் சொன்னது யார்? நான் செய்யாவிட்டால் யார் செய்திருப்பார்கள்? எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதினார்கள். அதனால் பிள்ளைகளும் படித்தார்கள்.

இரண்டாவது பத்தியில் அதிகம் வந்த பதில், ‘யாரும் சொல்லல, செஞ்சாகணும்’. ஃபூக்கோவைப் படிக்காமலேயே அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எட்டு நோட்டும் காட்டின. மூன்றாவது பத்தி பெரும்பாலும் காலி.

எதிர்ப்பும் வந்தது. ‘இதை எழுதுறதும் இன்னொரு வேலதானக்கா?’ என்றாள் ஒருத்தி. நியாயம், மூன்றாம் நாளே நிறுத்திவிட்டாள், நாங்களும் வற்புறுத்தவில்லை. இன்னொருத்தி, ‘முறுக்குச் சுடுறது எனக்குப் பிடிக்கும், அதையும் பாரம்னு எழுதச் சொல்றீங்களா?’ என்றாள். அதுவும் நியாயம். ஆசையாகச் செய்வதையும் வேறு வழியில்லாமல் செய்வதையும் வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. அவளால்தான் முடியும், அதற்குத்தான் நோட்டு. கடைசியில் அவள் முறுக்கை வைத்துக்கொண்டு அதிரசத்தை விட்டாள்.

பெரிய மாற்றம் எதுவும் நடந்துவிடவில்லை. ஐந்து வீட்டுப் பலகாரம் ஒரே அடுப்பில், ஒரே நாளில் முடிந்தது. மூன்று வீடுகளில் முதல் வெந்நீர் அடுப்பு பற்றவைத்தவளுக்கு. இரண்டு வீடுகளில் சண்டை. ஒரு மாமியார், ‘எனக்கு யாரும் இப்படி ஒருநாள் ஊத்தினதில்ல’ என்று சொல்லிவிட்டு, மருமகள் தலையில் எண்ணெய் வைத்தார்.

ஒன்று மட்டும் தெளிவாயிற்று. ஐப்பசியில் உட்கார்ந்து யோசிப்பதால் அந்த ஐப்பசி அதிகம் மாறாது. அதற்குள் சீட்டு முடிந்திருக்கும், கடன் வாங்கியிருக்கும், மோதிரத்துக்கு முன்பணம் போயிருக்கும். பண்டிகை நெருக்கடி பன்னிரண்டு மாதத் தவணையில் வருவது. தீபாவளி முடிந்த கையோடு அடுத்த வருஷச் சீட்டுக்குப் பெயர் கேட்டு ஆள் வருவார். நோட்டை அன்றைக்குத் திறந்து, ‘இது யார் சொன்னது?’ என்ற பத்தியை நிரப்பிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடலாம்.