வைல்டு கார்டில் வந்த சாம்பியன்

2000 நவம்பர். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், தென்கொரியாவின் லீ ஹியுங் டைக்கோடு மூன்றாவது செட் ஆடிக்கொண்டிருக்கிறார் கோரன் இவானிசெவிச். கோபத்தில் ஒரு மட்டையைத் தரையில் அடித்து உடைக்கிறார். அடுத்ததையும் உடைக்கிறார். மூன்றாவதும் போன பிறகுதான் தெரிகிறது, பையில் வேறு மட்டை இல்லை. ஆட மட்டை இல்லாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெற்றி லீக்கு என்று அறிவித்துவிட்டார்கள். விம்பிள்டன் ஜெயிக்காவிட்டாலும், மட்டைகளையெல்லாம் உடைத்தவன் என்றாவது ஊர் தன்னை ஞாபகம் வைத்திருக்கும் என்று பின்பு அவரே கேலி செய்துகொண்டார்.

எட்டே மாதத்தில் அவர் விம்பிள்டன் சாம்பியன்.

இதை அதிசயம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அவருடைய ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. ஜெயித்த கோரனும் தோற்ற கோரனும் ஒரே ஆட்டத்தைத்தான் ஆடினார்கள். அந்த ஆட்டத்தின் அமைப்பே அப்படி. அதில் உச்சிக்கும் பாதாளத்துக்கும் நடுவே இரண்டு மூன்று பாயின்ட்தான் தூரம்.

குரோஷியாவின் கடலோர நகரமான ஸ்பிளிட்டில் 1971-ல் பிறந்தவர் இவானிசெவிச். ஆறடி நான்கு அங்குலம், இடதுகை. மற்றவர்கள் பந்தை உயரத் தூக்கிப் போட்டு, அது இறங்கும்வரை காத்திருந்து அடிப்பார்கள். இவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. பந்து கையை விட்டுக் கொஞ்சம் மேலே போனதுமே மட்டை வந்துவிடும். எதிராளிக்குக் கணிக்க நேரமே இருக்காது. புல்தரையில் வழுக்கி, வலதுகைக்காரரின் பேக்ஹேண்ட் பக்கமாகக் கோர்ட்டுக்கு வெளியே ஓடும் பந்தைத் துரத்துவதற்குள் ஸ்கோர் மாறிவிடும். 1996-ல் மட்டும் அவர் போட்ட ஏஸ்கள், அதாவது எதிராளி தொடக்கூட முடியாத சர்வீஸ்கள், 1,477.

இப்படி சர்வீஸ் போடுகிறவரின் சர்வீஸை உடைப்பது, அதாவது அவர் சர்வீஸ் போடும் கேமை அவரிடமிருந்து பறிப்பது, யாருக்கும் எளிதல்ல. ஆனால் அவரும் எதிராளியின் சர்வீஸை எளிதில் உடைக்க மாட்டார். செட் 6-6 ஆகி டை பிரேக்கருக்குப் போகும். அங்கே ஒரு பாயின்ட் தவறினால் செட் போச்சு. அகாஸி மாதிரி பேஸ்லைனில் நின்று ஆடுகிறவருக்கு மனம் சரியில்லாத நாளில் ஓடி ஓடியாவது ஆட்டத்தை மீட்டுக்கொள்ள வழி உண்டு. சர்வீஸ்காரருக்கு அதுவும் இல்லை. பந்தைத் தட்டிக்கொண்டு கோட்டருகே நிற்கும் அந்தச் சில நொடிகளில் அவருக்குத் துணை அவர் மனம் மட்டும்தான். கோரனின் மனம் நம்பகமான துணை அல்ல. தனக்குள்ளே நல்ல கோரன், கெட்ட கோரன் என்று இருவர் இருப்பதாகவும், இரண்டும் கைகொடுக்காதபோது கூப்பிட ஒரு அவசர கோரன் உண்டு என்றும் அவரே சொல்வார்.

1992 விம்பிள்டனில் அவருக்கு வயது 20. யுகோஸ்லாவியா சிதறி, ஊரில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். காலிறுதியில் எட்பெர்க், அரையிறுதியில் சாம்பிராஸ் என்று பெரிய தலைகளைச் சாய்த்து இறுதிக்கு வந்தார். எதிரே, அதுவரை ஒரு கிராண்ட்ஸ்லாம்கூட ஜெயிக்காத அகாஸி. ஐந்தாவது செட்டில் 4-5 என்ற நிலையில் கோரன் சர்வீஸ். அன்று முழுக்க எதிராளியைத் திணறடித்த அதே கை, அந்த கேமை அடுத்தடுத்து இரண்டு டபுள் ஃபால்ட்டோடு தொடங்கியது. இரண்டு பாயின்ட் தானம். கோப்பை அகாஸிக்கு. அடுத்த சில வாரங்களில் பார்சிலோனா ஒலிம்பிக்கில், சுதந்திர குரோஷியாவின் முதல் கோடைக்கால ஒலிம்பிக் அணிக்குக் கொடி பிடித்து நடந்து, ஒற்றையரிலும் இரட்டையரிலும் வெண்கலம் வாங்கினார்.

1994-ல் மறுபடி இறுதி. முதல் இரண்டு செட்டும் டை பிரேக்கரில் சாம்பிராஸுக்குப் போக, மூன்றாவதில் 0-6 என்று சரணடைந்தார். அதே மாதம்தான் தரவரிசையில் இரண்டாம் இடம் வந்தது, அவர் எட்டிய உச்சம். 1998 இன்னும் கசப்பு. முதல் செட்டை ஜெயித்து, இரண்டாவதிலும் செட் பாயின்ட் வரை போய் அதை நழுவவிட்டு, ஐந்து செட்டில் தோற்றார். எதிரே அதே சாம்பிராஸ்.

இந்த வரிசையில் நம் ஊர் ரசிகர்கள் மறக்காத ஒரு தோல்வியும் உண்டு. 1995 டேவிஸ் கோப்பை, டெல்லி புல்தரை. முதல் இரண்டு செட்டையும் ஜெயித்திருந்த கோரனை, மதராஸில் அமிர்தராஜ் குடும்பத்தின் அகாடமியில் வளர்ந்த லியாண்டர் பயஸ் ஐந்து செட்டில் வீழ்த்தினார். கடைசி செட் 6-1. பயஸின் வீரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம், சரிதான். ஆனால் நெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மனம் சரிந்துகொண்டிருந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1998-க்குப் பிறகு இடது தோள் வலிக்க ஆரம்பித்தது. ஒரே ஆயுதம், அதைத் தூக்கும் தோளே பழுது. டென்னிஸ் தரவரிசை கடைசி 52 வாரங்களில் சேர்த்த புள்ளிகளை மட்டுமே பார்க்கும். மூன்று இறுதி ஆடினாயா, இரண்டாம் இடத்தில் இருந்தாயா என்று அது கேட்காது. 2001 தொடக்கத்தில் ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச்சுற்று ஆட வேண்டிய நிலை. அதிலும் முதல் ஆட்டத்திலேயே தோல்வி. ஜூன் மாதம் அவர் இடம் 125. அந்த எண்ணுக்கு விம்பிள்டனில் நேரடி இடம் கிடையாது.

அங்கேதான் வைல்டு கார்டு வந்தது. தரவரிசை போதாத சிலரைப் போட்டி நடத்துவோர் தாங்களாகவே உள்ளே அழைக்கும் ஏற்பாடு அது. பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்களுக்குப் போகும். மூன்று முறை இறுதியில் தோற்றவர் என்ற மரியாதைக்காக விம்பிள்டனை நடத்தும் ஆல் இங்கிலாந்து கிளப் கோரனுக்கும் ஒன்றைக் கொடுத்தது. தரவரிசை மறந்ததை ஒரு கிளப் ஞாபகம் வைத்திருந்தது.

இரண்டாம் சுற்றில் முன்னாள் முதல்நிலை வீரர் மோயா, அடுத்து 18 வயது ரோடிக், பிறகு ரூசெட்ஸ்கி, காலிறுதியில் அமெரிக்க ஓபன் சாம்பியன் சாஃபின் என்று வரிசையாகச் சாய்த்தார். போட்டி நடந்த நாட்களில் காலையில் குழந்தைகளுக்கான 'டெலிடப்பீஸ்' தொடரைத் தவறாமல் பார்ப்பார். இரவில் அதே உணவகம், அதே மேசை, அதே மீன் சூப், ஆட்டிறைச்சி, சாக்லேட் ஊற்றிய ஐஸ்கிரீம். ஒன்றை மாற்றினாலும் ராசி போய்விடும் என்ற பயம். கிரிக்கெட் மேட்சின்போது உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காத நமக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அரையிறுதியில் டிம் ஹென்மன். இங்கிலாந்தே அவர் பின்னால் நின்றது. மூன்றாவது செட்டை 6-0 என்று கால் மணி நேரத்தில் முடித்து, நான்காவதிலும் 2-1 என்று ஹென்மன் முன்னேறியபோது மழை. வெள்ளிக்கிழமை தொடங்கிய ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. ஜெயித்தது கோரன். மழையைக் கடவுள் அனுப்பினார் என்று அவர் உறுதியாக நம்பினார். தூங்கி எழுந்து வந்த சர்வீஸ் பழையபடி விழ ஆரம்பித்தது என்பது என் கட்சி. ஹென்மன் ரசிகர்களுக்கு இரண்டு விளக்கமும் ஆறுதல் தராது.

இறுதிப்போட்டி 2001 ஜூலை 9, திங்கட்கிழமை. காலையில் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் டிக்கெட் விற்றார்கள். வழக்கமாகக் கைதட்டலோடு நிறுத்திக்கொள்ளும் சென்டர் கோர்ட், ஆஸ்திரேலியர்களும் குரோஷியர்களும் கொடியும் கூச்சலுமாக நிறைய, கால்பந்து மைதானம் ஆகிவிட்டது. எதிராளி ஆஸ்திரேலியாவின் பேட் ராஃப்டர். நான்காவது செட்டில் சர்வீஸின்போது கால் கோட்டைத் தாண்டியதாக ஃபுட் ஃபால்ட் கொடுத்தார்கள். மட்டை பறந்தது, நெட்டுக்கு ஓர் உதை விழுந்தது. கெட்ட கோரன் வந்துவிட்டார், செட்டும் போனது.

ஐந்தாவது செட்டில் 8-7. கோரன் சர்வீஸ், சாம்பியன்ஷிப் பாயின்ட். டபுள் ஃபால்ட். இரண்டாவது சாம்பியன்ஷிப் பாயின்ட். மறுபடி டபுள் ஃபால்ட். ஒன்பது வருடத்துக்கு முன் அகாஸியிடம் நடந்தது அப்படியே திரும்ப வந்து நின்றது. மூன்றாவதில் ராஃப்டர் தலைக்கு மேல் அழகாக லாப் தூக்கித் தப்பித்தார். நான்காவதில் முதல் சர்வீஸ் தவறு. இரண்டாவது சர்வீஸை ராஃப்டர் நெட்டில் அடித்தார். அவ்வளவுதான், 9-7. முந்தைய ஆண்டும் இறுதியில் தோற்றிருந்த ராஃப்டர் விம்பிள்டனை ஜெயிக்கவே இல்லை. அந்தச் சோகத்துக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

ஊர் திரும்பியபோது ஸ்பிளிட் துறைமுகத்தில் ஒன்றரை லட்சம் பேர் கூடியதாகச் செய்திகள் வந்தன. 1993-ல் ஜெர்மனியில் சாலை விபத்தில் இறந்த குரோஷியக் கூடைப்பந்து வீரர் டிராசன் பெட்ரோவிச்சின் ஜெர்சியை அணிந்து அவர்கள் முன் நின்றார். வெற்றியை அந்த நண்பருக்கே சமர்ப்பித்திருந்தார்.

சினிமாவாக இருந்தால் இங்கே 'வணக்கம்' போட்டுவிடலாம். ஆனால் தோள் குணமாகவில்லை. அடுத்த ஆண்டு அறுவை சிகிச்சை. நடப்பு சாம்பியனால் 2002 விம்பிள்டனுக்கே வர முடியவில்லை. 2004-ல் அதே சென்டர் கோர்ட்டில் லெய்டன் ஹியூவிட்டிடம் மூன்றாம் சுற்றில் தோற்று, ஆட்டத்தை முடித்துக்கொண்டார். பட்டம் வென்ற பின் மூன்றே வருடம், அதிலும் பாதி சிகிச்சையில். ஆனாலும் வைல்டு கார்டில் வந்து ஆண்கள் ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

மட்டை உடைத்தவர் பயிற்சியாளரானதுதான் வேடிக்கை. அவர் கையில் வளர்ந்த மரின் சிலிச் 2014-ல் அமெரிக்க ஓபனை வென்றார். 2019-ல் கோரன் ஜோகோவிச்சின் பயிற்சிக் குழுவில் சேர்ந்து 2024 வரை இருந்தார். எதிராளியின் சர்வீஸைத் திருப்பி அடிப்பதில் ஜோகோவிச்சுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோரன் அவரோடு உட்கார்ந்து வேலை பார்த்தது சர்வீஸில். முப்பது வயதைத் தாண்டிய ஜோகோவிச்சின் சர்வீஸ், குறிப்பாக இரண்டாவது சர்வீஸ், அந்த ஆண்டுகளில் கூர்மை ஏறியது.