தொண்டைமான் சீமை – 9: சேர்வைகாரரும் அமரக்காரரும்

புதுக்கோட்டை அரசே ஒரு கொடையில் பிறந்ததுதான். 1686 வாக்கில் ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி, தம் மனைவி காதலி நாச்சியாரின் உடன்பிறந்தவரான ரகுநாதராயத் தொண்டைமானை இப்பகுதிக்கு அதிபதியாக்கினார். மேலிருந்து நிலத்தைப் பெற்ற தொண்டைமான்களும் அதே வழியில் கீழே இருந்தவர்களுக்கு நிலம் கொடுத்துப் படை திரட்டினர்.

அரசருக்கு அடுத்த நிலையில் ஜாகீர்தார்கள் இருந்தனர். 1730இல் ரகுநாதராயர் இறந்ததும் வாரிசுப் பூசல் எழுந்தது. பேரன் விஜயரகுநாதராயர் அரியணை ஏறினார். அவருடைய சகோதரர் இருவருக்கு மேலரண்மனை ஜாகீரும் சின்னரண்மனை ஜாகீரும் கிடைத்தன. பங்காளிகளின் மனக்குறையை நிலத்தால் தீர்த்த ஏற்பாடு இது.

ஜாகீர்தார்களுக்குக் கீழே சேர்வைகாரர்கள். இவர்களில் முதன்மையானோர் கறம்பக்குடிப் பக்கத்து அம்பு நாட்டுக் கள்ளர்கள். அரச குடும்பத்தோடு கொள்வினை கொடுப்பினை உடையவர்கள். இவர்களுக்கு நிலத்தோடு பட்டப்பெயர், குடை, பல்லக்கு போன்ற விருதுகளும் உண்டு. எந்த விருதுக்கு உரியவர் என்பதைக் கொண்டே ஒருவருடைய தகுதி அளக்கப்பட்டது. சேர்வைகாரரின் கீழ் அமரக்காரர்கள். வரியில்லா நிலமான அமர மானியத்தை உழுதுண்டு, அழைப்பு வந்தால் ஆயுதத்தோடு கிளம்புவது இவர்கள் கடன். போர் இல்லாத காலத்தில் காவலும் அரண்மனை ஏவலும் இருந்தன.

இடைக்கால ஐரோப்பாவின் பிரபுத்துவம் இதற்கு நெருங்கிய உறவுதான். அங்கும் படைச் சேவைக்கு நிலமே கூலி. ஆனால் அங்கே சிற்றரசன் மண்டியிட்டு, தன் கைகளைத் தலைவனின் கைகளுக்குள் வைத்து விசுவாசம் சொன்னான். கடமையும் உரிமையும் இரு தரப்பையும் கட்டுப்படுத்தின. புதுக்கோட்டையில் அத்தகைய உடன்படிக்கை இல்லை. கொடுப்பது அரசரின் பெருமை, பெறுவது குடிகளின் பேறு. அந்த அரசரோ தம்மைப் பிரகதாம்பாள் தாசர் என்று அழைத்துக்கொண்டார். நவராத்திரியில் அரிசியோடு வழங்கப்பட்ட அம்மன் காசில் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் உருவமே பொறிக்கப்பட்டது. ஆக, கொடுப்பவர்களின் வரிசையில் அரசரும் கடைசிப்படி அல்ல. அவருக்கு மேலே அம்மன் இருந்தாள்.

இந்தக் கொடைகள் எவ்வளவு தூரம் பரவியிருந்தன? இச்சீமையை ஆராய்ந்து 1987இல் நூல் வெளியிட்ட நிக்கலஸ் டர்க்ஸின் கணக்குப்படி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாகுபடி நிலத்தில் பெரும்பகுதி மானியமே. படைவீரர், அரண்மனைப் பணியாளர் மட்டுமல்ல, ஊர்க் கைவினைஞர், கோயில், மடம், சத்திரம், பிராமணர் எல்லோரும் மானியதாரர்கள். வரி வசூலிக்கும் அதிகாரி இந்த அரசை ஓட்டை என்பார். குடிகளுக்கு அதுதான் அரசு.

ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினியோடு கொண்ட உறவும் ஏறக்குறைய இதே அச்சில் வார்க்கப்பட்டது. கர்நாடகப் போர்களிலும் 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக்கொடுத்ததிலும் தொண்டைமான் செய்த உதவிக்காக 1803இல் கீழாநிலைக் கோட்டையும் பகுதியும் கிடைத்தன. ஆண்டுக்கு ஒரு யானை கப்பம் என்பது நிபந்தனை. அந்த யானையை ஆங்கிலேயர் வற்புறுத்திக் கேட்கவேயில்லை.

போர்கள் ஓய்ந்தபின் அமரக்காரருக்கு வேலை இல்லாமல் போயிற்று. கேட்பதற்குச் சேவை இல்லை, நிலம் மட்டும் கையில். 1878இல் நிர்வாகப் பொறுப்பேற்ற அ. சேஷையா சாஸ்திரி அதைப் பொறுக்கவில்லை. 1888இல் நடந்த இனாம் நிர்ணயத்தில், சிறு தொகை வரியாக விதிக்கப்பட்டு, சேவை மானியங்கள் பெரும்பாலும் வைத்திருந்தவர்களின் சொந்த நிலமாயின. கருவூலத்துக்கு அது நல்ல கணக்கு. ஆனால் அரசருக்கும் குடிகளுக்கும் இடையே இருந்த கட்டு அதோடு அறுந்தது. எஞ்சியது தசரா தர்பாரின் ஆடம்பரமே.

1948 மார்ச் 3ஆம் தேதி ராஜகோபாலத் தொண்டைமான் சமஸ்தானத்தை இந்திய ஒன்றியத்தோடு இணைத்தார். 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. தொண்டைமான்களின் புதிய அரண்மனையில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குகிறது.