பறவைகளுக்கு எந்தப் பந்தி பிடிக்கும்?

காக்கைக்கு ஒரு பிடி சோற்றை மதில்மேல் வைத்து, "கா, கா" என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டால் நம் வீட்டுப் பக்ஷி உபசாரம் முடிந்துபோகிறது. அமெரிக்கா தேசத்தில் விஷயம் இவ்வளவு எளிதாயில்லை. குளிர்காலத்தில் தோட்டத்துக்கு வரும் சிட்டுகளுக்குத் தீனி வைக்கும் பாத்திரங்களை விற்பதற்கென்றே அங்கே கடைகள் உண்டு. பக்கங்களில் துளையிட்ட நீண்ட குழாய்கள், கூரை போட்ட சின்னஞ் சிறு குதிர்கள், திறந்த தட்டுகள், மாட்டுக் கொழுப்புக் கட்டியை வைக்கும் கம்பிக் கூடுகள் என்று பல தினுசுகள். பறவைகள் மிகவும் விரும்புவது எதுவென்று கடைக்காரரைக் கேட்டால், எது விலை அதிகமோ அதைத்தான் காட்டுவார். பறவைகளை யாராவது கேட்டதுண்டா?

கேட்டார்கள். அமெரிக்க அரசாங்கத்தின் மீன், வனவிலங்கு இலாகாவைச் சேர்ந்த ஏல்ரெட் கைஸ் என்பவர், மேரிலாந்து மாகாணத்தில் பல தினுசு விதைகளை அருகருகே வைத்து, எந்தப் பறவை எதை எடுக்கிறதென்று லட்சத்துக்கு மேற்பட்ட தடவை கணக்கெடுத்து, 1980-ல் முடிவை வெளியிட்டார். கரிய எண்ணெய்ச் சூரியகாந்தி விதையும் வெள்ளைப் பனிவரகும் முதல் வரிசையில் நின்றன. கடைக் கலவைகளில் மூட்டையை நிரப்புவதற்கு உதவிய கோதுமையையும் ஓட்ஸையும் பெரும்பாலான பறவைகள் மதிக்கவேயில்லை. அலகால் தள்ளிக் கீழே கொட்டிவிட்டு, சூரியகாந்தியைத் தேடின. பாத்திரம் சீக்கிரம் காலியாவதைக் கண்டு வீட்டுக்காரர் பூரித்துப்போவது எவ்வளவு பெரிய ஏமாற்றம், பாருங்கள்!

பாத்திரத்தின் விஷயத்திலும் பறவைகளுக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு. காட்டில் எப்படி உண்ணுமோ, அப்படியே வீட்டிலும் உண்ண விரும்புகின்றன. புறாவும், ஜங்கோ என்னும் சாம்பல் நிறச் சிட்டும் தரையில் பொறுக்கித் தின்பவை. அவற்றுக்குத் தரையோ தாழ்ந்த தட்டோ போதும். சிவந்த கார்டினல் பறவைக்கு விசாலமாக உட்கார இடம் வேண்டும். மரங்கொத்தி கொழுப்புக் கூட்டைப் பற்றிக்கொண்டு தொங்கும். கோல்டுபிஞ்சு என்னும் மஞ்சள் சிட்டு செடிகளின் பூத்தலையில் தலைகீழாகத் தொங்கி விதை எடுத்துப் பழகியது. ஆகவே குழாய் அதற்குச் சம்மதம். அந்தக் குழாயில் நிரப்பும் பேய் எள் எங்கிருந்து போகிறது என்கிறீர்கள்? நம் ஒடிசாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் மலைநாட்டுக் குடியானவர்கள் விளைவிப்பதில் ஒரு பங்கு கப்பலேறி அங்கே போகிறது. களை விதைகள் மாளும்படி வெப்பமூட்டின பிறகே அதற்கு அனுமதி.

இந்தப் பரீட்சையை வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் சூக்ஷ்மம் இருக்கிறது. இரண்டு பாத்திரங்களிலும் ஒரே விதையைப் போட வேண்டும். சில நாளுக்கொருமுறை இடத்தை மாற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பறவை விரும்பியது குழாயையா, குழாய்க்கு அருகிலுள்ள புதரையா என்பது தெரியாது. எண்ணுவதும் சுலபமல்ல. சிக்கடி என்னும் குருவி ஒரு விதையைக் கவ்விக்கொண்டு பறந்துவிடும். மறுநிமிஷம் திரும்ப வரும். மஞ்சள் சிட்டோ சாவதானமாக உட்கார்ந்து சாப்பிடும். வந்த தடவைகளைக் கூட்டினால் ஒரே சிக்கடி பெரிய கூட்டமாகிவிடும்!

1976-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் தொடங்கி, 1987 முதல் கார்னெல் பறவை ஆராய்ச்சிக் கூடத்தின் துணையுடன் அமெரிக்காவிலும் பரவிய கணக்கெடுப்பில், இதற்காகவே ஒரு விதி வைத்தார்கள். ஒரே சமயத்தில் கண்ணுக்குத் தெரிந்த அதிகபட்ச எண்ணிக்கையைத்தான் குறிக்க வேண்டும். சாதாரணக் குடும்பத்தார் ஜன்னலருகே உட்கார்ந்து எழுதிய குறிப்புகள் இவை.

அந்த ஜன்னல்களிலிருந்துதான் 1994-ல் ஒரு துயரச் செய்தி வந்தது. வாஷிங்டன் நகரின் சுற்றுப்புறத்தில், ஹவுஸ்பிஞ்சு என்னும் சிட்டுகள் கண் வீங்கி, பார்வையற்றுப் பாத்திரத்தடியில் தடுமாறின. கோழிகளைப் பிடிக்கும் ஒரு கிருமி சிட்டுகளுக்குத் தாவியிருந்தது. சில வருஷங்களில் நாட்டின் கிழக்குப் பகுதி முழுவதும் அது பரவிற்று. அவை ஆசையோடு தலையை நுழைத்த குழாய்த் துளையின் விளிம்பில்தான் ஒரு பறவையின் கண்ணீர் இன்னொன்றின் கண்ணில் பட்டது.

பிரிட்டனிலும் இதே கதை. 2005 முதல் கிரீன்பிஞ்சு என்னும் பச்சைச் சிட்டுகளைத் தொண்டை நோய் வாரிக்கொண்டு போயிற்று; எச்சில் பட்ட தீனியால் பரவுவது அது. 2021-ல் அந்த இனம் அபாயத்திலுள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. 2025-ல் அந்நாட்டின் ராயல் பறவைப் பாதுகாப்புச் சங்கம் தட்டையான தீனி மேடைகளின் விற்பனையை நிறுத்தி வைத்தது. திறந்த தட்டுக்குத்தான் எல்லாப் பறவையும் வருமென்று சொல்லிக் கொடுத்த காலம் ஒன்றிருந்தது!

ஆகையால் இப்போது அமெரிக்கக் குடும்பங்களுக்குச் சொல்லும் யோசனை வேறு. இரண்டு வாரத்துக்கொருமுறை, ஒரு பங்கு சலவைத் திராவகத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பாத்திரத்தைக் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். நோயுற்ற பறவை ஒன்று தென்பட்டாலும், பாத்திரங்களைச் சில வாரங்கள் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். அந்த நாட்களில் சிட்டுகள் வந்து வெறும் கம்பத்தின்மீது உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகும். ஜன்னலருகே இருக்கும் குழந்தைகளைச் சமாதானம் செய்வதுதான் கஷ்டம்.