'தெரியாது' என்பதும் தகவல்தான்

ஷெரிலின் பிறந்தநாள் புதிருக்கு ஆகஸ்ட் 17 ஏன் விடையாகாது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அந்தத் தவறான விடையை ஆராய்ந்தால்தான் புதிரின் அழகே புரியும்.

ஷெரில் தன் பிறந்தநாளாக இருக்கக்கூடிய பத்து நாட்களைச் சொல்கிறாள்: மே 15, 16, 19, ஜூன் 17, 18, ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. ஆல்பர்ட்டிடம் மாதத்தை மட்டும், பெர்னார்டிடம் தேதியை மட்டும் சொல்கிறாள்.

ஆல்பர்ட்: "எனக்குத் தெரியாது. பெர்னார்டுக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்."

பெர்னார்ட்: "முதலில் தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது."

ஆல்பர்ட்: "அப்படியானால் எனக்கும் தெரிந்துவிட்டது."

மூன்று பேச்சும் மூன்று சல்லடைகள். பட்டியலில் 18, 19 ஒருமுறைதான் வருகின்றன. அவற்றில் ஒன்று கிடைத்திருந்தால் பெர்னார்ட் உடனே கண்டுபிடித்திருப்பான். அதற்கு வழியே இல்லை என்று ஆல்பர்ட் உறுதியாகச் சொல்வதால், அவனுடைய மாதம் மேயும் இல்லை, ஜூனும் இல்லை. ஒரே சலிப்பில் ஐந்து நாட்கள் கழிந்தன. மிச்சத்தில் 14 இரண்டு மாதங்களில் வருகிறது. பெர்னார்டுக்கு விடை தெரிந்துவிட்டதால் அதுவும் கழிந்தது. ஆகஸ்டில் இன்னும் இரண்டு நாட்கள் இருக்க, ஆல்பர்ட்டும் தெரிந்துவிட்டது என்கிறான். எனவே ஜூலை 16. சமையலறைச் சல்லடையின் கண் மாறாது. இங்கோ ஒவ்வொரு சல்லடையின் கண்ணையும் முந்தைய சலிப்பில் தங்கிய மாவே பின்னித் தருகிறது. வரிசையை மாற்றினால் சல்லடையே இல்லை.

ஆகஸ்ட் 17 என்பவர்கள் முதலில் 18, 19 ஆகிய இரண்டு தேதிகளை மட்டும் நீக்குகிறார்கள். ஜூனில் 17 மட்டும் மிஞ்சும். ஆல்பர்ட் தெரியாது என்பதால் அதையும் நீக்குகிறார்கள். பிறகு 17 ஆகஸ்டில் மட்டுமே இருக்கும். கணக்கு பிசகவில்லை. ஆனால், பெர்னார்டுக்குத் தெரியாது என்று ஆல்பர்ட்டிடம் யாரோ சொன்னதாக இது வைத்துக்கொள்கிறது. யாரும் சொல்லவில்லை. அவனிடம் இருப்பது மாதம் ஒன்றுதான். அதை மட்டும் வைத்தே அவன் அந்த முடிவுக்கு வந்தாக வேண்டும்.

இந்த வகைப் புதிர் பழையதுதான். இரண்டு எண்களின் கூட்டுத்தொகை ஒருவருக்கும் பெருக்குத்தொகை மற்றவருக்கும் மட்டும் தெரிந்த புதிரை, நெதர்லாந்துக் கணிதவியலாளர் ஹான்ஸ் ஃப்ராய்டந்தால் 1969இல் வெளியிட்டார்.

2015 ஏப்ரலில் ஷெரில் புதிர் சிங்கப்பூரிலிருந்து பரவியபோது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கான கணக்கு என்றார்கள். அது தவறு, உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் கணித ஒலிம்பியாட் கேள்வி அது. விடை கண்டவர் மேதை என்ற விளம்பரத்தையும் நம்பவேண்டாம். ஒருவர் 'தெரியாது' என்றால், எதை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்கிறார் என்று கேட்கப் பழகுங்கள். அந்தப் பழக்கம் எவருக்கும் வரும்.