அஜர்புராவில் ஓர் இரவு

சங்கத் தணிக்கைக்கு வரும் தேதியை முன்கூட்டியே எழுதியனுப்பினால், நாம் போய்ச் சேரும்போது பேரேடும் ரொக்கப் புத்தகமும் மேஜைமேல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும்; சுவருக்குப் புதிதாக வெள்ளையும் அடித்திருப்பார்கள். தறிக்காரர் வீட்டில் பாவுநூல் இருக்கிறதா என்பதை அப்புத்தகங்களிலிருந்து அறிய இயலாது. அதற்குத் தெருவில் இறங்கி நடக்கவேண்டும். ஓர் இன்ஸ்பெக்டருக்கே இத்தனை ஏற்பாடென்றால், பிரதம மந்திரிக்காக எத்தனை சுவர்கள் வெள்ளை பெறும் என்பதை அங்கத்தினர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், குஜராத்தில் கெய்ரா ஜில்லாப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு யூனியனின் மாட்டுத் தீவனத் தொழிற்சாலையைத் திறந்துவைக்கப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஆனந்த் பகுதிக்கு வந்தார். விழாவுக்கு முந்திய இரவை ஒரு கிராமத்தில், உழவர் வீட்டிலேயே கழிக்க விரும்பினார். அவ்விதமே அஜர்புரா கிராமத்தில் தங்கி, பல வீடுகளுக்கும் சென்று நள்ளிரவு கடந்தும் மக்களோடு உரையாடினார்.

மறுநாள் யூனியன் நிர்வாகி வர்கீஸ் குரியனிடம் ஒரு சந்தேகத்தை எழுப்பினார். இவ்வூர் மண் சிறந்ததன்று. எருமைகளும் பிற மாகாணத்து எருமைகளைவிட உயர்ந்தவையல்ல. அரசாங்கப் பால் பண்ணைகள் பல இடங்களில் தடுமாற, இங்கு மட்டும் தொழில் செழிப்பது எதனால்? பண்ணை உழவர்களுக்கே சொந்தம், நிர்வாகி அவர்களுக்குக் கட்டுப்பட்ட ஊழியர் என்பதே குரியன் தந்த விளக்கம். நாடெங்கும் இம்முறையைப் பரப்பவேண்டும் என்று சாஸ்திரி கேட்டார். தலைமையகம் டில்லியில் இருத்தலாகாது, ஆனந்திலேயே இருக்கவேண்டும் என்று குரியன் விதித்த நிபந்தனைக்கும் இணங்கினார். டில்லியைவிட்டு அதிகாரம் வெளியேற ஒரு பிரதமரே சம்மதித்தது, நம் அனுபவத்தில், சாமானிய காரியமன்று!

1965-ல் தேசியப் பால்வள வாரியம் ஆனந்தில் அமைந்தது. 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. இன்று நம் பகுதியில் காலையில் சங்கத்தில் பாலை ஊற்றிக் கொழுப்புச் சத்துக்கேற்ப விலை பெறும் விவசாயிக்கும் அந்த இரவுக்கும் தொடர்பு உண்டு. சாஸ்திரி அதைக் காண இருக்கவில்லை. 1966 ஜனவரி 11-ல் தாஷ்கண்டில் காலமானார்.

குணம் மட்டும் களஞ்சியத்தை நிரப்பிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். 1965-ல் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்திருந்த காலம் அது. விவசாயத்தை முன்னிறுத்த விரும்பிய சாஸ்திரி, உணவு, விவசாய இலாகாவை 1964-லேயே நம் சி. சுப்பிரமணியத்திடம் ஒப்படைத்திருந்தார். எனினும் விதையும் உரமும் பலன் தரக் காலம் பிடிக்கும். இடைக்காலத்தில் வாரம் ஒரு வேளை உணவைத் தவிர்க்குமாறு மக்களை வேண்டினார். முதலில் தம் குடும்பத்தாரைப் பட்டினி இருக்கச் செய்து பார்த்த பிறகே அவ்வாறு கேட்டார். திங்கட்கிழமை மாலையில் ஹோட்டல்கள் பல தாமாகவே மூடப்பட்டன.

பசியைக் கேட்டுப் பெறும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது? 1956 நவம்பரில் நம் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் உடைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே மந்திரியாயிருந்த சாஸ்திரி பதவியைத் துறந்தார். பாலத்தைக் கட்டியவரும் அவரல்லர், வண்டியை ஓட்டியவரும் அவரல்லர். தவறு அவருடையதன்று என்று நேருவே பாராளுமன்றத்தில் கூறி, முன்மாதிரியாக விளங்கட்டும் என்றே ராஜினாமாவை ஏற்றார்.

கடன் பேரேடுகளையே பார்த்துப் பழகிய நமக்கு அவருடைய கடன் கணக்கு ஒன்றும் நினைவில் நிற்கிறது. பிரதமராயிருந்தபோது கார் வாங்கப் பணம் போதாமல் பஞ்சாப் நேஷனல் பாங்கில் 5,000 ரூபாய் கடன் பெற்றார். தீருமுன்பே இறந்துபோனார். அவர் மனைவி லலிதா தமக்குக் கிடைத்த பென்ஷனிலிருந்து பாக்கியைக் கட்டி முடித்தார்.