கியரை மாற்றுவது யார்?

டில்லி துவாரகாவில் வீட்டிலிருந்து மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்து போகலாமா என்று கேட்டால் பெரியவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். சாலைகள் அத்தனை அகலம், செக்டார்கள் அத்தனை பெரிசு. முன்பு பாப்பன்கலான் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியில் டில்லி வளர்ச்சி ஆணையம் கட்டம் கட்டமாகத் திட்டம் போட்டுக் கட்டிய நகரம் இது. 2005 டிசம்பர் 31 அன்று மெட்ரோ ரயில் வந்து சேர்ந்தது. ரயில் வந்துவிட்டது, சரி. ஸ்டேஷன் வரைக்கும் யார் கொண்டுபோய் விடுவது? காய்கறி வாங்க, பாட்டு கிளாஸுக்குப் போக, தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கிவர? அதனால்தான் ஒவ்வொரு சொசைட்டி வாசலிலும் ஸ்கூட்டர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. நம்பர் பிளேட்டைப் பாருங்கள், நிறைய வண்டிகளில் 'டிஎல் 9 எஸ்' என்று தொடங்கும். 9 என்பது இந்தப் பக்கத்து ஆர்டிஓ, எஸ் என்றால் இருசக்கர வண்டி.

ஓட்டுவதற்கு உங்களுக்கு இன்னும் வயசாகவில்லை. ஆனால் பின்சீட்டில் உட்காருபவர் செய்யக்கூடிய அருமையான சோதனை ஒன்று இருக்கிறது. அதற்குக் காது மட்டும் போதும்.

அடுத்த முறை சிக்னலில் பச்சை விழுந்ததும் எஞ்சின் சத்தத்தைக் கவனியுங்கள். (ஹெல்மெட்டைக் கழற்றாமல்தான். நாலு வயதைத் தாண்டியவர்களுக்கு அது கட்டாயம். உள்ளேயிருந்தே நன்றாகக் கேட்கும்.) அம்மா ஆக்ஸிலேட்டரைத் திருகுகிறார். 'உர்ர்ர்' என்று சத்தம் சட்டென உயர்கிறது. அப்புறம்? ஸ்பீடோமீட்டர் முள் இருபது, முப்பது, நாற்பது என்று ஏறிக்கொண்டே போகிறது. சத்தமோ ஏறக்குறைய அதே சுருதியில் நிற்கிறது! பக்கத்தில் வரும் மோட்டார்பைக்கைக் கேளுங்கள். அது அப்படியில்லை. சத்தம் ஏறும், 'டக்' என்று ஒரு கியர் விழும், சத்தம் இறங்கும், மறுபடி ஏறும்.

எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை தடவை சுற்றுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் சுருதி அமைகிறது. சுருதி மாறவில்லை என்றால் எஞ்சினின் வேகமும் மாறவில்லை என்று அர்த்தம். ஆனால் சக்கரத்தின் வேகம் கூடிக்கொண்டே போகிறதே! அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில் யாரோ ஓயாமல் கியரை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அம்மாவின் இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில் இருக்கின்றன. கால்கள் பலகையில் சும்மா இருக்கின்றன. பிறகு யார்?

கியர் எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தெருவில் ஓடும் ஸ்கூட்டர்களில் நிறைய 110 சிசி வண்டிகள். எஞ்சினுக்குள் பிஸ்டன் ஒரு தடவை மேலிருந்து கீழே வரும்போது உள்ளே இழுக்கும் காற்றின் அளவு வெறும் 110 மில்லி. இத்தனை சின்ன எஞ்சின் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியையும், அதன்மேல் அம்மாவையும் உங்களையும் புத்தகப் பையையும் நகர்த்த வேண்டும். மெதுவாகச் சுற்றும்போது அதற்கு அந்தத் தெம்பு கிடையாது. நிமிஷத்துக்குச் சில ஆயிரம் சுற்று வந்தால்தான் நன்றாக இழுக்கும். அதனால் புறப்படும்போது எஞ்சின் பல சுற்று சுற்றினால் சக்கரம் கொஞ்சமாகச் சுற்ற வேண்டும். ஓட்டம் பிடித்த பிறகு அதே சுற்றுக்குச் சக்கரம் அதிகமாகச் சுற்ற வேண்டும். கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

உங்கள் தாத்தா காலத்து ஸ்கூட்டரில் இந்த வேலையை இடது கை செய்தது. 1972-ல் வந்த பஜாஜ் சேத்தக் அப்படிப்பட்டது. கிளட்சை அழுத்திக்கொண்டு கைப்பிடியையே திருகிக் கியர் போட வேண்டும். ராணா பிரதாப்பின் குதிரைப் பெயர் வைத்த அந்த வண்டியை வாங்கப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. இன்று டில்லிச் சாலையில் அதைப் பார்ப்பது அபூர்வம். 15 வயதைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் இங்கே ஓடக்கூடாது என்ற தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கியரைத் தொடவே வேண்டாத ஸ்கூட்டரை 1980-களில் கைனடிக் ஹோண்டா நம் நாட்டில் பழக்கப்படுத்தியது. பிறகு ஆக்டிவா வந்து தெருவையே பிடித்துக்கொண்டது.

இப்போது வண்டியின் இடது பக்கம் குனிந்து பாருங்கள். பின் சக்கரத்தை ஒட்டி நீளமான ஒரு மூடி தெரியும். (வலது பக்கம் போகாதீர்கள். அங்கே இருப்பது சைலன்சர், காலைச் சுட்டுவிடும்.) நாம் தேடுகிற ஆள் அந்த மூடிக்குள்தான் இருக்கிறார்.

எங்கள் பக்கத்து மெக்கானிக் ஒருமுறை அதைக் கழற்றும்போது கூடவே உட்கார்ந்து பார்த்தேன். சுற்றிலும் திருகுகள், கழற்றி முடிக்கவே நேரமாயிற்று. மூடியைத் தட்டினால் கறுப்புத் தூள் கொட்டியது. அத்தனையும் தேய்ந்த ரப்பர். உள்ளே முன்னால் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி, இரண்டையும் சுற்றி ஒரு தடித்த பெல்ட். பல்சக்கரத்தைக் காணோம்! (பின் சக்கரத்தின் அருகே தனி அறையில் இரண்டொன்று உண்டு. அவை மாறாமல் ஒரே கணக்கில் சுற்றுபவை, நம் கதைக்கு வேண்டாம்.)

ரகசியம் கப்பியின் வடிவத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கப்பியும் இரண்டு தட்டுகளால் ஆனது. தட்டுகளின் உள்பக்கம் கூம்புபோலச் சரிந்திருக்கும், பெல்ட்டின் ஓரங்களும் அதற்கேற்பச் சரிந்திருக்கும். இரண்டு தட்டும் விலகியிருந்தால் பெல்ட் நடுவில் ஆழமாக இறங்கிச் சின்ன வட்டமாகச் சுற்றும். தட்டுகள் நெருங்கினால் பெல்ட் பிதுங்கி வெளியே ஏறிப் பெரிய வட்டமாகச் சுற்றும். ஒரே கப்பி தேவைக்கேற்பச் சின்னதாகவும் பெரிசாகவும் ஆகிறது, பார்த்தீர்களா?

தட்டை நெருக்குவது யார்? மெக்கானிக் முன் கப்பியின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினார். ஆறு பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஓர் உருளை. ரோலர் என்பார்கள். பொருட்காட்சியில் ராட்டினம் வேகம் எடுக்கும்போது அதில் தொங்கும் நாற்காலிகள் எல்லாம் வெளிப்பக்கமாக விரியுமே, அதே சங்கதிதான். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் ரோலர்கள் வெளிப்பக்கம் ஓடப் பார்க்கும். அவை ஓடும் பாதை சரிவாக இருப்பதால் போகிற போக்கில் தட்டை நெட்டித் தள்ளும். தட்டு நெருங்குகிறது, முன்னால் பெல்ட் வெளியே ஏறுகிறது. பெல்ட்டின் நீளம் மாறாதல்லவா? அதனால் பின்னால் அது உள்ளே இறங்கியே ஆக வேண்டும். அங்கே தட்டுகளை நெருக்கிப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கை விலக்கிக்கொண்டு இறங்குகிறது. முன்னால் பெரிய வட்டம், பின்னால் சின்ன வட்டம். எஞ்சின் அதே சுற்றில் இருக்க, சக்கரம் விரைகிறது.

கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. ஆறு ரோலரும் ஒரு ஸ்பிரிங்கும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, எவ்வளவு கியர் வேண்டும் என்பதை நொடிக்கு நொடி முடிவுசெய்கின்றன. நான்கு கியர், ஐந்து கியர் என்ற கணக்கே இங்கே கிடையாது. இரு எல்லைகளுக்கு நடுவே எந்த இடத்திலும் பெல்ட் நிற்கலாம். என்னைக் கேட்டால் ஸ்கூட்டரில் இருக்கும் பாகங்களிலேயே கெட்டிக்காரப் பாகம் இதுதான்.

அன்று மெக்கானிக் கழற்றிய ரோலர்களில் இரண்டு உருண்டையாகவே இல்லை. ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தன. தட்டையானது எப்படி ஓடும்? பாதி வழியில் நின்றுவிடும். "வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று புகார் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த யோசனை ஸ்கூட்டருக்கென்று பிறந்ததல்ல. நெதர்லாந்தில் டாஃப் என்ற நிறுவனம் 1958-ல் பெல்ட்டும் கூம்புத் தட்டும் வைத்த ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்தது. அதில் ஒரு வேடிக்கை. முன்னால் போவதற்கும் பின்னால் போவதற்கும் அதே பெல்ட்தான் என்பதால், ரிவர்ஸிலும் அது அதே வேகத்தில் பறக்கும். டச்சுக்காரர்கள் விடுவார்களா? அந்தக் கார்களை வைத்துப் பின்னோக்கி ஓட்டும் பந்தயமே நடத்தினார்கள்.

சிக்னலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வண்டி மட்டும் எப்படி நிற்கிறது என்று யாராவது கேட்பீர்கள் என எதிர்பார்த்தேன். அதற்கும் சுழற்சிதான் பதில். பின் கப்பியோடு சேர்ந்து சுற்றும் கிளட்ச் கட்டைகளை ஸ்பிரிங்குகள் உள்ளே இழுத்து வைத்திருக்கின்றன. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அவை அடங்கிக் கிடக்கும். ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் வெளியே விரிந்து, தம்மைச் சுற்றியுள்ள கிண்ணத்தைக் கவ்விப் பிடிக்கும். சக்கரம் அந்தக் கிண்ணத்தோடு இணைந்தது. மோட்டார்பைக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்கிற மாதிரி இந்த ஸ்கூட்டரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாததும் இதனால்தான். சக்கரம் சுற்றும், கிண்ணம் சுற்றும், கட்டைகளோ அசையாது.

ஜனவரி மாத துவாரகாவுக்கு வருவோம். காலையில் வெப்பநிலை நாலைந்து டிகிரிக்கு இறங்கிவிடுகிற நாட்களில் வண்டி கிளம்ப மறுக்கும். திரவமாக இருக்கும் பெட்ரோல் எரியாது, ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். குளிரில் ஆவியாவது குறைவு. பழைய வண்டியில் சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்து, கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டுவார்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ் 6 என்ற புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளில் எஞ்சினின் சூட்டை ஒரு சென்சார் பார்த்துத் தானாகவே கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சச் சொல்லும்.

கிளம்பியதும் சைலன்சரிலிருந்து வெள்ளையாக ஏதோ வரும். பெரும்பாலும் அது நீராவி குளிர்ந்து உண்டான துளிகள். பெட்ரோலில் ஏது தண்ணீர் என்கிறீர்களா? பெட்ரோலில் கார்பனும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. எரியும்போது ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது, கார்பன் சேர்ந்து கார்பன் டை ஆக்ஸைடாகிறது. இப்போது ஒரு கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் முக்கால் கிலோ. அது எரிந்து வெளியே விடும் கார்பன் டை ஆக்ஸைடு மட்டும் சுமார் 2.3 கிலோ. முக்கால் கிலோ எப்படி இரண்டேகால் கிலோவுக்கு மேல் ஆயிற்று? மீதி எடை காற்றிலிருந்து வந்தது. ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க ஸ்கூட்டர் கிட்டத்தட்ட 11 கிலோ காற்றை இழுக்கிறது. அது ஒன்பதாயிரம் லிட்டர் காற்று! டில்லியில் குளிர்காலத்துக் காற்றைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

அந்த ஒரு லிட்டரில் அடங்கிய ஆற்றல் ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். வண்டி அதில் ஐம்பது கிலோமீட்டர் போகிறதென்று வையுங்கள். மின்சார ஸ்கூட்டரோ 3 யூனிட்டில் சுமார் நூறு கிலோமீட்டர் போய்விடும். பெட்ரோலின் ஆற்றலில் பெரும்பகுதி சூடாகப் போய்விடுகிறது என்பது இதிலிருந்தே தெரிகிறது. சைலன்சர் ஏன் சுடுகிறது என்றால் இதனால்தான்.

மின்சார ஸ்கூட்டர்கள் நிறைய நம் தமிழ்நாட்டிலிருந்து வருகின்றன. ஓசூரில் டிவிஎஸ், ஏதர் இரண்டுக்கும் தொழிற்சாலை இருக்கிறது, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலாவுக்கு. இவற்றைத் திறந்து பார்த்தால் ரோலரைக் காண மாட்டீர்கள். மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு பலத்தோடு இழுக்கக்கூடியது. அதற்குக் கியர் மாற்ற ஆளே தேவையில்லை. டிவிஎஸ்ஸின் ஐக்யூப் ஸ்கூட்டரில் மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது.

கடைசியாக ஒரு பயணம். துவாரகா தட்டையான ஊர், இங்கே பெல்ட்டுக்குப் பெரிய சோதனை வராது. இதே பெட்ரோல் ஸ்கூட்டரைச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஓட்டினால்? இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் பின் சக்கரம் திணறும்போது பின் கப்பியில் உள்ள ஒரு சரிவான காடி, தட்டுகளை மறுபடி நெருக்கிவிடும். பெல்ட் அங்கே வெளியே ஏறும், முன்னால் உள்ளே இறங்கும். கார் டிரைவர் கியரைக் குறைப்பதும் இதுவும் ஒன்றே. இறங்கும்போதுதான் சிக்கல். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு மெல்ல வந்தால் கிளட்ச் கட்டைகள் அடங்கிவிடும், எஞ்சின் வண்டியைப் பிடித்து வைக்காது. முழுச் சுமையும் பிரேக்கின் தலையில், பிரேக் கொதிக்கும்.

மின்சார ஸ்கூட்டர் பலவற்றில் இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியைப் பிடித்தபடி பேட்டரியில் கொஞ்சம் சார்ஜ் ஏற்றும். ஆனால் மலை உச்சியிலேயே முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டுக் கிளம்பினால் அந்த வசதி கிடைக்காது. நிறைந்த பேட்டரியில் புதிதாக வரும் மின்சாரத்துக்கு இடம் ஏது? கொஞ்ச தூரம் ஓடி பேட்டரி சற்றுக் குறையும்வரை அங்கேயும் பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும்.